படுக்கையை விட்டு எழுதல்

சேர்வராயன் மலையின் தெற்கு அடிவாரத்தில் தொடங்கி மோகனூரில் காவிரிக் கரையைத் தொடும் வரையில் பரந்து கிடக்கும் சேலம், நாமக்கல் சமவெளியில், நோயில் விழுந்த ஒருவரைப் பற்றி உற்றார் விசாரிக்கும்போது முதலில் கேட்பது சுரம் விட்டதா என்பதையன்று. எழுந்து நடமாடுகிறாரா என்பதைத்தான். இந்தக் கேள்விக்குக் காரணம் அந்த மண்ணின் ஜீவனத்திலேயே இருக்கிறது. அம்மாபேட்டையில் தறிக்குழிக்குள் காலை இறக்கி மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதிக்கும் நெசவாளரும், நாமக்கல் பட்டறைகளில் லாரிக்குப் பாடி கட்டும் தச்சரும் கொல்லரும், திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியோடு புறப்பட்டு இந்தியாவின் மறுகோடி வரை போய் ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு மாதக்கணக்கில் கழித்துத் திரும்பும் இளைஞரும், ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் பெண்களும், கையையும் காலையுமே மூலதனமாக வைத்துப் பிழைப்பவர்கள். ஆகவேதான் ‘படுத்த படுக்கை’ என்ற சொல்லை, மரணத்தைச் சொல்வதைக் காட்டிலும் தாழ்ந்த குரலில் அங்கே சொல்வார்கள்.

நோயாளியைப் படுக்க வைப்பதா, எழுப்புவதா என்பதில் வைத்தியம் காலந்தோறும் மாறி மாறி நின்ற வரலாறு ஒன்று உண்டு. இன்று பெரிய ஆஸ்பத்திரிகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில், வாயில் குழாயும் பக்கத்தில் சுவாச யந்திரமுமாகக் கிடக்கும் மனிதரை மூன்றாம் நாளே கட்டிலின் ஓரத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று சொல்லுகிறார்களே, அந்த எண்ணம் வந்து சேர்ந்த வழி நெடியது. அந்த வழியின் ஒரு முக்கியமான வளைவு நாமக்கல்லுக்குக் கிழக்கே நிற்கும் கொல்லிமலையில் இருக்கிறது என்பதை அவ்வூர்க்காரர்களே அதிகம் அறியார்.

பழைய வைத்தியத்திலிருந்தே தொடங்குகிறேன். உள்ளங்கை எலும்பு முறிந்து கூடிய பிறகு கைக்கு மறுபடி பலம் வர என்ன செய்வது என்பதற்குச் சுசுருத சம்ஹிதை ஒரு முறை கூறுகிறது: முதலில் மண்ணுருண்டையைப் பிடிக்கச் செய்ய வேண்டும், அது கைவந்தபின் இந்துப்புக் கட்டியை, கையில் பலம் ஏறியபின் கல்லை. இலேசானதிலிருந்து கனமானதற்குப் படிப்படியாக ஏற்றுவது என்ற இந்த ஒரு விஷயத்தில், இன்றைய பிசியோதெரபி நிபுணர் செய்வதற்கும் அதற்கும் அடிப்படையில் பேதம் இல்லை. நம் கிராமங்களிலும், மூங்கில் பத்தை வைத்து முட்டை வெண்கருவும் உளுந்த மாவும் குழைத்துப் பற்றுப் போட்டுக் கட்டுக் கட்டியவர்கள், கட்டு அவிழ்த்த மறுநாளிலிருந்து எண்ணெய் தடவி நீவி, மடக்கி நீட்டச் சொல்லி வந்தார்கள். பிள்ளைக்கு நடைவண்டி செய்து கொடுத்த சமூகத்துக்கு, நடை என்பது பழக்கினால் வருவது என்ற ஞானம் புதிதல்ல.

படுக்கையே மருந்து என்ற கொள்கை பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்கே வலுப்பட்டது. லண்டனில் ஜான் ஹில்டன் என்ற அறுவை நிபுணர் ஓய்வின் மகிமையைப் பற்றி நிகழ்த்திய விரிவுரைகள் 1863இல் நூலாக வெளிவந்து, இரண்டு தலைமுறை டாக்டர்களுக்கு வழிகாட்டின. முறிந்த எலும்புக்கும் க்ஷயம் பிடித்த மூட்டுக்கும் அக்காலத்தில் வேறு கதி இல்லாதபடியால் அந்தக் கொள்கையைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் நல்ல மருந்தே ஆனாலும் எல்லா நோய்க்கும் கொடுத்தால் என்ன ஆகுமோ அது ஓய்வுக்கும் ஆயிற்று. மாரடைப்புக்கு ஆறு வாரம் அசையாப் படுக்கை, பிரசவத்துக்கு இரண்டு வாரம், குடலிறக்க அறுவைக்கு மூன்று வாரம் என்று கணக்குகள் ஏற்பட்டன. ஆங்கில வைத்தியத்தோடு இரும்புக் கட்டில் நம் ஜில்லாக்களுக்கு வந்தபோது இந்த நம்பிக்கையும் உடன் வந்தது. நம்முடைய பத்தியச் சம்பிரதாயத்தோடு அது வெகு எளிதில் கலந்துகொண்டது.

அந்தக் காலத்தில், 1913ஆம் ஆண்டையொட்டி, சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைக்கு ஓர் இளம் ஆங்கிலத் தம்பதி குடியேறினர். ஜெஸ்ஸி பிராண்ட் தொழிலால் கட்டடம் கட்டுபவர். கொஞ்ச காலம் வைத்தியப் பயிற்சி பெற்றவரே அன்றிப் பட்டம் பெற்ற டாக்டர் அல்லர். மனைவி ஈவ்லின், லண்டனில் வசதியான குடும்பத்தில் வளர்ந்தவர். மலைமேல் போவதற்கு அப்போது சாலை கிடையாது. இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுகிற உயரத்துக்கு, கால்நடையாகவோ ‘டோலி’யிலோதான் ஏற வேண்டும். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் இரவு தங்கத் தயங்கிய அந்த இடத்தில் இவர்கள் வீடு கட்டினார்கள், பள்ளி வைத்தார்கள், மருந்து கொடுத்தார்கள். மலைவாசிகளை வாட்டிய வியாதிகளுள் ஒன்று நரம்புச் சிலந்தி. குடிக்கும் நீரின் வழியாக உடலுக்குள் போகும் அந்தப் புழு, ஓராண்டு கழித்து, பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே கொப்புளமாக வெடித்து வெளிவரும். அதை இழுத்து அறுத்துவிட்டால் சீழ் பிடிக்கும் என்பதால், ஒரு சிறு குச்சியில் நாளுக்குச் சிறிதாகச் சுற்றிச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். உயிரை எடுக்காமல் காலை மட்டும் வாரக்கணக்கில் பறித்துக்கொள்ளும் வியாதி அது. உழவுக் காலத்தில் காலை இழந்த குடும்பம் அந்த வருஷம் பட்டினி. தந்தை அந்தப் புழுக்களைச் சுற்றி எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்த சிறுவன்தான் பால் பிராண்ட். 1914ஆம் ஆண்டு ஜூலை மாதம் கொல்லிமலையில் பிறந்தவர். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர். 1929இல் தந்தை கருநீர்க் காய்ச்சலால் இறந்து மலையிலேயே அடக்கமானார். மகன் முதலில் தந்தையின் தொழிலான கட்டட வேலையைத்தான் சில வருஷம் கற்றார். தச்சும் கொத்தும் பழகிய கையோடுதான் பிறகு வைத்தியம் படித்தார். இதை ஒரு தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. பொறுத்தும் இடமும் சுமையும் தெரிந்த தச்சன் கண்ணால் மனிதக் கையைப் பார்த்த வைத்தியர் அவர்.

1946இல் அவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். செங்கல்பட்டில் ராபர்ட் காக்ரேன் நடத்திவந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போன இடத்தில், விரல்கள் பறவையின் நகம் போல் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பிடித்துப் பார்த்த பிராண்ட், அந்தச் செத்த கை என்று ஒதுக்கப்பட்ட கையின் பிடி தம் கையை வலிக்கச் செய்ததைக் கண்டு திடுக்கிட்டார். முன்கைத் தசைகள் உயிரோடும் பலத்தோடும் இருக்கின்றன. முழங்கையருகே ஒரு நரம்பு பழுதானதால் உள்ளங்கையின் சிறு தசைகள் மட்டுமே செயலற்றுப் போயிருக்கின்றன. அப்படியானால், நல்ல தசை ஒன்றின் நாணைப் பிரித்து, செத்த தசையின் வேலைக்கு மாற்றிக் கட்டலாமே? அவ்வாறே செய்தார். அந்த அறுவை உலகப் புகழ் பெற்றது. ஆனால் என் விஷயத்துக்கு முக்கியமானது அறுவைக்குப் பின் நடந்தது. மூன்று வாரம் கட்டுக்குள் இருந்து வெளிவந்த கை, தானாக ஒன்றும் செய்யாது. நேற்றுவரை ஒரு மூட்டை மடக்கிவந்த தசைக்கு, இனி உன் வேலை வேறு என்று மூளை சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் தினந்தோறும் அப்பியாசம் வேண்டும். அந்த அப்பியாசம் இல்லையேல் அறுவை வீண் என்பதை வேலூரில் அறுவைக்கூடமே ஒப்புக்கொண்டது. குணமான நோயாளிகள் தங்கித் தச்சு வேலை பழக ‘நவ ஜீவ நிலையம்’ 1951இல் ஏற்பட்டது. அறுவை நிபுணருக்கும் அப்பியாசம் கற்பிப்பவருக்கும் சமமான இடம் என்ற மரபு தமிழ்நாட்டில் வேரூன்றிய இடங்களுள் அது தலையாயது.

அந்த மரபை ஒரு துறையாகவே ஆக்கியவர் டாக்டர் மேரி வர்கீஸ். கேரளத்தைச் சேர்ந்தவர், வேலூரில் படித்தவர். 1954ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். இருபத்தெட்டு வயது. படுத்த படுக்கையாகவே முடிந்திருக்க வேண்டிய வாழ்வு. பிராண்டின் தூண்டுதலால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றார். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் தமக்கே சிகிச்சை பெற்றார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிலையத்தில் புனர்வாழ்வு மருத்துவம் பயின்றார். திரும்பிவந்து வேலூரில் அந்தத் துறையைத் தலைமை தாங்கி நடத்தினார். 1966இல் பாகாயத்தில் உள்நோயாளிகளுக்கான புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. உயிர் பிழைத்தவரிடம் ‘இனி உமக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லும் வழக்கத்துக்கு அந்த நிலையமே பதிலாக நின்றது.

இதற்கிடையில் மேற்கேயும் படுக்கையின்மேல் இருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டிருந்தது. 1947இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற லண்டன் வைத்தியர், படுக்கையால் விளையும் கேடுகளை உறுப்பு உறுப்பாக எடுத்துக்காட்டி ஒரு கட்டுரை எழுதினார். 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்க வைத்துப் பார்த்தார்கள். உழைக்கும்போது பிராணவாயுவை ஏற்கும் அவர்களது சக்தி நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. அதே ஐவரை முப்பது வருஷம் கழித்துச் சோதித்தபோது, முப்பது வருஷ மூப்பு செய்த கெடுதலைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த கெடுதல் அதிகம் என்று தெரிந்தது. நோயே இல்லாத உடம்புக்கு இந்த நிலை.

அப்படியிருக்க, தீவிர சிகிச்சைப் பிரிவில் மட்டும் அசையாப் படுக்கை எப்படித் திரும்பி வந்தது? அது உயிர் காத்த ஒரு மகத்தான காரியத்தின் நிழலாக வந்தது. 1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவி, மூச்சுவிடும் தசைகள் ஸ்தம்பித்து மக்கள் மடிந்துகொண்டிருந்தபோது, மயக்க மருந்து நிபுணரான பியோர்ன் இப்சன், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்துப் பையை அழுத்தி மூச்சைக் கொடுக்கலாம் என்று காட்டினார். ஏறத்தாழ 1500 மாணவர்கள் முறைபோட்டுக்கொண்டு, இரவும் பகலும் கையால் பையை அழுத்தி உயிர்களைக் காத்தார்கள். அந்தக் கைகளின் இடத்துக்குப் பிறகு யந்திரம் வந்தது. யந்திரத்தைச் சுற்றித் தனிப் பிரிவு வந்தது. யந்திரத்தோடு நோயாளி போராடாமலிருக்க மயக்க மருந்தும், சில வேளை தசையையே தளர்த்தும் மருந்தும் இடைவிடாமல் ஓடலாயின. நோயாளி அமைதியாகக் கிடந்தால் சிகிச்சை நன்றாக நடக்கிறது என்ற எண்ணம் டாக்டர்களுக்கும் வந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கும் நமக்கும் வந்தது.

அந்த அமைதிக்குள் உடம்பு தன்னைத்தானே தின்றுகொண்டிருந்தது. 1984இல் கனடாவின் சார்லஸ் போல்ட்டனும் அவர் சகாக்களும், கடும் நோயிலிருந்து மீண்டும் யந்திரத்தை விட்டு விலக முடியாதவர்களைச் சோதித்து, அவர்கள் கைகால் நரம்புகளே பழுதாகியிருப்பதைக் கண்டு எழுதினார்கள். நரம்பு மட்டுமன்று, தசையும் கரைகிறது: லண்டனில் 63 நோயாளிகளின் தொடைத் தசையை அளந்தவர்கள், பத்தாம் நாளுக்குள் அதன் பருமன் ஆறில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியதை 2013இல் வெளியிட்டார்கள். நோய்த்தொற்றின் வேகம், அசைவின்மை, போஷாக்குக் குறைவு ஆகிய எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை இது. பிரான்ஸில் நடந்த ஆராய்ச்சியில், ஒரு வாரத்துக்கு மேல் யந்திரத்தில் இருந்து விழித்தவர்களுள் நால்வரில் ஒருவருக்கு இந்தப் பலவீனம் இருந்தது. டொரான்டோவில் கடுமையான நுரையீரல் செயலிழப்பிலிருந்து பிழைத்த 109 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், ஓராண்டு முடிந்தும் ஏறத்தாழப் பாதிப் பேரே வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். அவர்கள் நடுவயதினர், தொல்லை நுரையீரலைவிடத் தசையில்தான் அதிகம்.

இந்த எண்களை நான் முதலில் படித்தபோது எனக்கு அவை எண்களாக இல்லை. அம்மாபேட்டையில் நாற்பது வருஷம் பட்டு வேட்டி நெய்த என் பெரியப்பா, நிமோனியா வந்து பத்தொன்பது நாள் தீவிர சிகிச்சையில் இருந்து பிழைத்து வந்தார். வீட்டுக்கு வந்த அன்று தண்ணீர்ச் சொம்பை அவரால் தூக்க முடியவில்லை. “காலு இருக்குதா பாரு சாமி, எனக்கு ஒண்ணும் தெரியல” என்றார். அவர் உயிரைக் காத்த டாக்டர்களை நான் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்தப் பத்தொன்பது நாளில் ஒருநாளும் அவரை உட்கார வைக்க யாருக்கும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், உட்கார வைத்திருந்தால் முதலில் சண்டைக்குப் போயிருப்பவர்கள் நாங்கள்தாம். பெரியம்மா, “அசைக்காதீங்க, அலுங்காம கெடக்கட்டும்” என்று ஒவ்வொரு நர்ஸிடமும் கெஞ்சியது எனக்கு நினைவிருக்கிறது.

மாற்றம் மயக்க மருந்தைக் குறைப்பதில் தொடங்கியது. தினமும் ஒருமுறை மருந்தை நிறுத்தி நோயாளியை விழிக்கவிட்டால் யந்திரத்திலிருந்து சீக்கிரம் விடுதலை கிடைக்கிறது என்று 2000இல் சிகாகோவில் கண்டார்கள். விழித்தவரைச் சும்மா படுக்க வைப்பானேன்? 2007இல் சால்ட் லேக் நகரத்தைச் சேர்ந்த நர்ஸான பாலி பெய்லியும் உடன் உழைத்தவர்களும், சுவாசக் குழாயோடேயே நோயாளிகளை உட்கார வைத்து, நிற்க வைத்து, நடக்கவும் வைத்த அனுபவத்தை வெளியிட்டனர். 2009இல் 104 பேரை வைத்து நடந்த சோதனையில், யந்திரம் பொருத்திய ஒன்றரை நாளிலேயே அப்பியாசம் தொடங்கியவர்களுள் 59 சதவிகிதத்தினர் தம் காரியத்தைத் தாமே செய்துகொள்ளும் நிலையில் வீடு திரும்பினர். வழக்கம்போல் விடப்பட்டவர்களுள் அது 35 சதவிகிதம்.

செய்யும் முறை எளிமையானதாகத் தோன்றும். மயங்கிக் கிடப்பவருக்குப் பிசியோதெரபி நிபுணர் கைகால் மூட்டுகளை மெல்ல மடக்கி நீட்டுகிறார். கண் திறந்து சொன்னதைச் செய்யும் நிலை வந்ததும், கையை அழுத்து, காலைத் தூக்கு என்று அவரையே செய்யச் சொல்கிறார். பிறகு கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவது, காலைத் தொங்கவிட்டு ஓரத்தில் உட்கார வைப்பது, நிற்க வைப்பது, நாற்காலிக்கு மாற்றுவது, நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதிப்பது, நடப்பது. இரத்த அழுத்தமும் பிராணவாயுவும் ஒரு எல்லைக்குள் இருந்தால்தான் அடுத்த படி. ஒருவர் குழாயைப் பிடிக்க, ஒருவர் யந்திரத்தைத் தள்ள, இருவர் தோளைத் தாங்க, நான்கு பேருக்குக் குறையாமல் வேண்டும்.

எல்லை தெரியாமல் செய்தால் கெடுதலும் உண்டு. பக்கவாதம் வந்த முதல் நாளிலேயே அடிக்கடி எழுப்பி நடத்தியது பலனைக் குறைத்தது என்று 2015இலும், தீவிர சிகிச்சையில் 750 பேரிடம் நடத்திய சோதனையில் அதிகப்படியான அப்பியாசம் கூடுதல் நன்மை தராமல் அசம்பாவிதங்களை இரட்டிப்பாக்கியது என்று 2022இலும் முடிவுகள் வெளிவந்தன. இதைக் காட்டி, பழைய படுக்கையே மேல் என்று வாதிப்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். அந்த 750 பேருள், வழக்கமான சிகிச்சை பெற்ற பாதிப் பேரும் நாளுக்குச் சராசரியாக ஒன்பது நிமிஷம் போல எழுப்பி அசைக்கப்பட்டவர்கள்தாம். அங்கே கேள்வி ஒன்பது நிமிஷமா இருபது நிமிஷமா என்பது. இங்கே பல இடங்களில் கேள்வி ஒன்றா பூஜ்யமா என்பது.

சேலம், நாமக்கல் சமவெளிக்கு இது தூரத்து விவகாரம் அன்று. வயல் வீட்டில் தரையில் படுத்தவரைக் கட்டுவிரியன் தீண்டினால் மூச்சுத் தசைகள் ஸ்தம்பித்து, விஷம் இறங்கும் வரை யந்திரமே கதி. பயிருக்கு அடிக்கும் பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து உள்ளே போனவர்கள், முதல் ஆபத்தைக் கடந்து ஓரிரு நாளில் மறுபடி கழுத்தும் மூச்சும் தளர்ந்து போவதை, 1987இல் இலங்கை வைத்தியர்களான சேனநாயக்கவும் கரல்லியத்தவும்தான் தனி நோய்நிலையாகப் பிரித்துக் காட்டினார்கள். பெங்களூர், கன்னியாகுமரிச் சாலைகளில் அடிபடுபவர்களோ தினசரிச் செய்தி. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கிய பிறகு, முன்பு வழியிலேயே போயிருக்கக்கூடிய உயிர்கள் பல ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்கின்றன. 1986இல் தொடங்கிய சேலம் மருத்துவக் கல்லூரிக்குத் துணையாக, 2022 ஜனவரியில் நாமக்கல்லுக்கும் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. உயிர் பிழைப்பவர் தொகை கூடக் கூட, பிழைத்தும் எழ முடியாதவர் தொகையும் கூடும்.

ஈவ்லின் பிராண்ட், எழுபதை நெருங்கியபோது மிஷன் சங்கம் ஓய்வு கொடுத்தும் கொல்லிமலைக்கே திரும்பினார். கால்கள் தளர்ந்த பின்னரும் இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றிக்கொண்டும் மட்டக் குதிரையில் ஏறிக்கொண்டும் மலை மலையாகப் போய் மருந்து கொடுத்தார். தொண்ணூற்றைந்து வயதில், 1974இல் இறந்து கணவர் பக்கத்தில் அடக்கமானார். வைத்தியம் நோயாளியின் வாசலுக்குப் போவது என்றால் என்ன என்று அந்த மலை அப்போதே பார்த்துவிட்டது. 2021 ஆகஸ்ட் மாதம் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டத்தை அரசு தொடங்கிய சாமனப்பள்ளிக் கிராமம், இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்தாலும் பழைய சேலம் ஜில்லாவின் மண்தான். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டு வருவதோடு, படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்குத் திண்ணைக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அந்தத் திட்டத்தில் உண்டு.

பெரியப்பாவின் காலம் அந்தத் திட்டத்துக்கு முந்தியது. வாரத்தில் இரண்டு நாள் ஓர் இளைஞர் சைக்கிளில் வந்து அவருக்கு அப்பியாசம் சொல்லிக் கொடுத்தார். மற்ற நாட்களில் பெரியம்மாவே, விட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, அதைப் பிடித்து எழச் சொல்லி அதட்டினார். பதினான்காம் மாதம், மூன்று பேர் பிடித்து இறக்கிவிட, அவர் தறிக்குழிக்குள் காலை வைத்தார். அன்று பொழுது சாயும் வரைக்கும் நெய்தது நான்கு விரற்கிடை.